பழகும் பக்கத்தில் எழுதிய பாடு

ஏரியில் வலை போட எங்கள் குப்பத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துப் பக்கம் எறா, அதாவது இறால், நன்றாக வரும் இடங்கள் சில. வலை வைத்திருக்கும் குடும்பங்கள் பல. எல்லாரும் ஒரே காலையில் அங்கே போய் நின்றால் எறாவைவிட மனிதர்கள்தான் அதிகமாக மாட்டுவார்கள். அதனால் இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று முறை வைத்துச் சுற்றி வருகிறோம். முறை வந்தவர் போய்க் கழி நட்டு வலை கட்டுவார். மற்றவர்கள் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு வேறு பக்கம் போவார்கள்.

முறையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். கல்யாணம், காய்ச்சல், கோயில் வேண்டுதல், மச்சினன் திடீரென்று வந்து இறங்குவது, இப்படி எதற்கும் மாற்றலாம். வலை பின்னும் கூடத்தில் நாலு பேர் காதில் விழ, "என்னுது ஒனக்கு, ஒன்னுது எனக்கு" என்று சொன்னால் முடிந்தது. சொன்னது சொன்னதுதான். பிரச்சினை அந்த நாலு பேரிடம் இருந்தது. ஒருவருக்கு ஒரு நாள் காதில் விழுந்திருக்கும், இன்னொருவருக்கு வேறு நாள். "நான் சொல்லச்சொல்ல நீ இருமிக்கினு இருந்த, அதான் ஒனக்கு கேக்கல" என்ற வாதத்தை நானே கேட்டிருக்கிறேன். அதற்கு வந்த பதில்: "என் இருமல நீ எதுக்கு பஞ்சாயத்துல இழுக்கற?"

இந்தத் தகராறுகளில் சலித்துப்போய்த்தான் எங்கள் தலைவர் என்னிடம் வந்தார். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ப்ரோக்ராம் எழுதுவது நானாகக் கற்றுக்கொண்டது. அனுப்பம்பட்டில் ரயில் ஏறி வேலைக்குப் போய்வந்த காலத்தில், போகும்போது வீடியோ பார்த்துக் கற்பேன், வரும்போது தூங்கி மறப்பேன். மறந்தது போக மிஞ்சியதுதான் என் படிப்பு.

"பாட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துபா," என்றார் தலைவர். "ஸ்கிரீன்ல இன்னா கீதோ அதான் ஞாயம். இருமல், தும்மல் ஒண்ணும் கெடையாது."

கூட்டம் போட்டு அதையே ஊர்க் கட்டுப்பாடாக அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இவ்வளவு சின்ன வேலைக்கு மெமரி மேப் தேவையே இல்லை. ஆனால் நான் அப்போதுதான் அதைக் கற்றிருந்தேன். புது வலை கைக்கு வந்தவன் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பான் அல்லவா, அந்த நிலையில் இருந்தேன்.

விஷயம் இதுதான். ஒரு ஃபைலில் இருப்பதை மாற்ற வேண்டுமானால் வழக்கமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மெமரிக்குள் மொண்டு வந்து, திருத்தி, திரும்பக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். மொண்டு வைக்கும் பாத்திரத்துக்கு பஃபர் என்று பெயர். மெமரி மேப்பில் மொள்ளும் வேலை நமக்கு இல்லை. ஃபைலின் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என்னுடையது என்று கழி நட்டுவிடுகிறோம். அவ்வளவுதான். ஃபைல் அப்படியே மெமரியில் இருப்பது போல ஒரு முகவரி கிடைக்கும். அங்கே எழுதினால் அது ஃபைலில் எழுதியது. ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ஆபரேட்டிங் சிஸ்டம் தனக்கு சௌகரியப்பட்டபோது பார்த்துக்கொள்ளும். அது சௌகரியப்படுவதற்குள் கரண்ட் போய்விட்டால் வம்பு என்பதால், ஒவ்வொரு மாற்றம் முடிந்ததும் "இப்போதே கொண்டுபோய்ச் சேர்" என்று கட்டளை கொடுக்கும் ஒரு வரியையும் போட்டு வைத்தேன். எங்கள் பக்கம் கரண்ட் எப்படி என்பது எனக்குத் தெரியும்.

இந்த மேப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொது. அதில் எழுதினால் ஃபைல் மாறும். இன்னொன்று தனி. அதில் பார்க்கும்போது அதே ஃபைல்தான் தெரியும். ஆனால் நீங்கள் ஓர் எழுத்தைத் தொட்டவுடன், அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். நகலில் எழுதுவீர்கள், நகலையே படிப்பீர்கள், எல்லாம் சரியாக இருக்கும். ஃபைலுக்கு ஒன்றும் தெரியாது. ப்ரோக்ராமை மூடியதும் நகல் போய்விடும்.

கற்றுக்கொள்பவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று தோன்றியது. எதை வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்கலாம், ஒன்றும் கெடாது. அதனால் ப்ரோக்ராமில் இரண்டு பக்கம் வைத்தேன். 'பதிய' என்று ஒன்று, பொது வகை. 'பழக' என்று ஒன்று, தனி வகை. குழம்பிவிடக் கூடாது என்று பழகும் பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை போட்டேன். பதியும் பக்கத்துக்குச் சாம்பல் நிறம். பதியும் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்பாக, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்.

ராத்திரி சாப்பாட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேள்வி வேறயா கேக்குது?" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெரியவர், முறைக்கு எனக்கு மாமா. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. கூடத்தின் மூலையில் மேசை போட்டு, கம்ப்யூட்டரையும் பேட்டரியையும் வைத்து, மானிட்டரை எல்லாரும் பார்க்கும்படி திருப்பி, அவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். முதல் மாற்றத்தைப் பதியும் பக்கத்தில் தட்டினார். 'நிச்சயமாகவா?' என்று வந்தது.

மாமா கையை எடுத்துவிட்டார்.

"இன்னாபா இது?"

"நீங்க சொன்னது சரிதானானு கேக்குது மாமா. ஆம்னு அழுத்துங்க."

"சரிதானானா? நான் சொன்னப்புறம் சரிதானானு தலைவரே கேட்டது கெடையாது. இவன் யாரு?"

"அது எல்லாரையும் கேக்கும் மாமா."

"எல்லாரையும் கேக்கட்டும்."

அன்றைக்கு 'ஆம்' என்பதை நான்தான் அழுத்தினேன். அதோடு மறந்தும்போனேன். மாமா மறக்கவில்லை. அடுத்த நாள் அவரே துழாவி, கேள்வி கேட்காத பக்கம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் தலையில் மஞ்சள் வேறு. "இதுதான் மங்களமா கீது, மத்தது சாம்பல் பூசினாப்பல கீது" என்று யாரிடமோ சொன்னாராம். அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் மஞ்சளில் போயின. கம்ப்யூட்டரை அவர் நிறுத்துவதில்லை, ப்ரோக்ராமை மூடுவதில்லை. வேலை முடிந்தால் மானிட்டருக்குத் துண்டு போர்த்திவிட்டுப் போவார். சின்னச் சின்ன கரண்ட் கட்டைப் பேட்டரி தாங்கிக்கொண்டது. அதனால் எழுதியது எழுதியபடியே தெரிந்தது. ஊரே ஸ்கிரீனைப் பார்த்து ஏரிக்குப் போனது. ஒரு சண்டை வரவில்லை. தலைவர் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

அந்தச் சமயத்தில்தான் என் பெரியப்பா மகன் படகிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அண்ணனுக்கு மாவுக்கட்டு. அமாவாசையை ஒட்டி முகத்துவாரத்து ஓர இடத்தில் அவர் முறை வர இருந்தது. வருஷத்தில் அந்த மாதிரி முறை சும்மா சும்மா வராது. கட்டுப் போட்ட கையால் கழி நட முடியாது. எதிர்வீட்டு மச்சானுக்கு அடுத்த அமாவாசையை ஒட்டி அதே இடத்தில் முறை இருந்தது. அண்ணி போய்ப் பேசினார். இந்த அமாவாசை உனக்கு, அடுத்தது எங்களுக்கு. மச்சான் சரி என்றார். கூடத்தில் வைத்துச் சொன்னார்கள், மாமா தட்டினார், ஸ்கிரீனில் இருவர் பெயரும் இடம் மாறியது. எல்லாரும் பார்த்தார்கள்.

மச்சான் போனார். எறா வந்தது. தெருவுக்கே வாசம் வந்தது. அண்ணி அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது, "நல்லா சாப்புடுங்க, அடுத்தது எங்குளுது" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லாத மாதம் அது. அடுத்த அமாவாசையை வைத்துத்தான் அண்ணி எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வலைக் கடனுக்கும் அதைத்தான் சொன்னார், பள்ளிக்கூட ஃபீசுக்கும் அதைத்தான் சொன்னார்.

அமாவாசை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. காற்றில் கம்பி அறுந்து, குப்பத்துக்குக் கரண்ட் போனது. பேட்டரி கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. மழை விட்டு கரண்ட் வந்த மாலை, மாமா துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டார். அண்ணியின் முறைக்கு முந்தின மாலை அது. ஸ்கிரீனில் நாளைக்கு முகத்துவாரத்து ஓரம் என்ற இடத்துக்கு நேராக மச்சான் பெயர் இருந்தது. போன அமாவாசைக்கு நேராக அண்ணன் பெயர் இருந்தது. அதாவது ஸ்கிரீன் கணக்குப்படி அண்ணன் போய் எறா பிடித்துவிட்டார். அடுத்த முறைக்கு அவர் இன்னும் எவ்வளவோ காத்திருக்க வேண்டும்.

என்னைக் கடையிலிருந்து இழுத்து வந்தார்கள். கூடத்தில் ஊரே கூடியிருந்தது. நான் ஃபைலை எடுத்து, அது கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தேன். மாமாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த அதே நாள். அதற்குப் பிறகு அந்த ஃபைலை யாரும் தொடவில்லை.

"எல்லாம் பழகுற பக்கத்துல போட்டிருக்கு," என்றேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா மூலையில் கிடந்த வலையைப் பார்த்தார்.

"அதுல கேள்வி கேக்கல. அதான்," என்றார்.

கூட்டம் இதை நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டது. எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது.

"ஏம்பா, பெரியவரப் போயி எதுக்கு கேள்வி கேக்க வெச்ச?"

"சரி, போனது போச்சு. உள்ள தேடிப் பாரு, எங்கனா கெடக்கும்."

"குப்பத்தொட்டிப் படம் ஒண்ணு கீதே, அதுல பாத்தியா?"

நகல் மெமரியில் மட்டும்தான் இருந்தது, கரண்ட் போனதும் மெமரி காலி, தேடுவதற்கு இடமே இல்லை என்று விளக்கினேன். ஒருவர் கேட்டார்: "அப்ப இத்தினி நாளா நாங்க ஸ்கிரீன்ல பாத்தது இன்னா?"

"நகல்ணா."

"யாருகிட்ட இருந்த நகலு?"

"அதுகிட்டயே."

"அதாவது அது தனக்குத்தானே பேசிக்கினு இருந்திருக்கு," என்று அவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். தனி மேப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. அவர் அதைத் திட்டாகத்தான் சொன்னார்.

மற்ற மாற்றங்கள் எல்லாம் நடந்து முடிந்தவை, யாருக்கும் நஷ்டமில்லை. பாதியில் தொங்கியது அண்ணியின் முறை மட்டும்தான். தலைவர் மச்சானைக் கூப்பிட்டார்.

"நீ மாத்திக்கினது நெசந்தானே?"

"நெசந்தான்," என்றார் மச்சான். "நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன் தலைவரே. இத்தினி பேரு கேட்டாங்க, நான் எப்புடி இல்லன்னு சொல்லுவேன்? ஆனா ஸ்கிரீன்ல இன்னா கீதோ அதான் ஞாயம்னு நீங்கதான் சொன்னீங்க. ஸ்கிரீன்ல நான் கீறேன். கூட வர ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன். வலையும் ஏத்தியாச்சி."

இதுதான் சிக்கல். யாரும் பொய் சொல்லவில்லை. நடந்தது என்ன என்பதில் குப்பம் முழுவதும் ஒரே கருத்து. வழக்கமாக அப்படி ஒன்று எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. ஆனால் தலைவர் சொன்ன சொல்லைத் தலைவரே மாற்றினால், நாளைக்கு அவர் சொல்லுக்கு என்ன மதிப்பு? அவர் மீசையைத் தடவினார். இருட்டுவதற்குள் முடிவு வேண்டும். விடிந்தால் ஒரு படகுதான் அங்கே போக முடியும்.

எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. நிற்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அண்ணி வந்து தூண் ஓரமாக நின்றார். மழையில் நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"தலைவரே, ஸ்கிரீன்ல கீறதுதான் ஞாயம். நான் ஒத்துக்கறேன். போன அமாவாசைக்கு என் வூட்டுக்காரருதான் ஏரிக்கு போனாருன்னு அது சொல்லுது. சரி. அப்ப அந்த எறா எங்க?"

எல்லார் தலையும் மச்சான் பக்கம் திரும்பியது.

"மாவுக்கட்டு போட்டுக்கினு போயி புடிச்சிக்கினு வந்திருக்காரு, எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு அந்த மனுசன். மச்சான், ஒங்க வூட்ல தப்பா எறக்கிட்டுப் போயிட்டாரா? கொஞ்சம் பாருங்க."

முதலில் சிரித்தது மச்சான் மனைவிதான், கூடத்துக்கு வெளியிலிருந்து. பிறகு அடக்க முடியவில்லை. மச்சான் சிரிக்காமல் இருக்க ரொம்ப முயன்று, "அண்ணி, பஞ்சாயத்துல இந்த மாரி பேசாதீங்க" என்றார்.

"நானா பேசறேன்? ஸ்கிரீன் பேசுது."

தலைவர் தொண்டையைச் செருமினார். ஸ்கிரீன் சொல்வதுதான் நியாயம், அதில் மாற்றமில்லை. ஆனால் போன அமாவாசை எறா எந்த வீட்டில் வெந்தது என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே ஸ்கிரீன் சொல்ல வேண்டியதை ஸ்கிரீன் இப்போதே சொல்லட்டும் என்றார். அதாவது மாற்றத்தை மறுபடியும் பதிய வேண்டும். பதியும் பக்கத்தில். எல்லார் முன்னாலும்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். சாம்பல் பக்கத்தைத் திறந்து, இரண்டு பெயரையும் தட்டினார். கேள்வி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் வந்தது: 'கடந்துபோன நாளுக்குரிய முறையை மாற்றுதல் இயலாது.'

"இது யாரு எழுதுன தமிழு?" என்று ஒருவர் கேட்டார்.

நான்தான். முடிந்துபோன முறையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நானே போட்ட தடை. அதை எடுக்க வேண்டும். கருப்பு ஸ்கிரீனைத் திறந்து, அந்த நிபந்தனை இருக்கும் வரியைத் தேடினேன். என் தோளுக்குப் பின்னால் குப்பம் முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து எழுதும்போது இப்படி யாரும் கூட இருந்ததில்லை.

"தேடறான்."

"அவன் எழுதுனத அவனே தேடறான் பாரு."

"ஏ, சும்மா இருங்கபா. வலையில சிக்கு எடுக்கறப்ப நாம பேசுவமா?"

"பேசுவோம்."

வரியைக் கண்டுபிடித்து, முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு அடக்கினேன். ப்ரோக்ராமை மறுபடி கட்டி ஓட்டினேன். மாமா மறுபடி தட்டினார். இந்த முறை கேள்வி வந்தது. 'நிச்சயமாகவா?'

மாமா கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நீ அழுத்து," என்றார் என்னிடம்.

"பாட்ட பாக்குறது நீங்கதானே," என்றார் தலைவர். "நீங்க அழுத்துனாதான் அது பாடு."

மாமா அசையவில்லை. அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அவர் சொல்லி முடித்ததை யாரும் மறுபடி கேட்டதில்லை. ஒரு மாதத்துக்கு மேலான மாற்றங்கள் காணாமல் போன அன்றைக்கே, ஊரே பார்க்க, ஒரு பெட்டி கேட்கிறது. ஆம் என்றால் அது கேட்டது சரி என்று ஆகும். அண்ணி தூணை விட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அழுத்துங்க மாமா. அதுக்கு இன்னா தெரியும்? ஒங்களப் பத்தி யாரும் அதுக்கு சொல்லல. நமக்குத் தெரியும்ல."

மாமா ஒரு முறை அண்ணியைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஸ்கிரீனை ரொம்பக் கிட்டத்தில் பார்த்து, "நிச்சயந்தான்டா" என்று வாயாலும் சொல்லி 'ஆம்' என்பதை அழுத்தினார். நான் உடனே ஃபைலின் தேதியைப் பார்த்தேன். இன்றைய தேதி. ப்ரோக்ராமை மூடித் திறந்தேன். அண்ணன் பெயர் நாளைக்கு நேராக நின்றது. பேட்டரியைப் பிடுங்கு, கரண்டை நிறுத்து என்றார் தலைவர். நிறுத்தி, மறுபடி ஏற்றிக் காட்டினேன். அப்போதும் நின்றது. அதன் பிறகுதான் அண்ணி தலைப்பை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மச்சான் கொஞ்ச நேரம் கூடத்திலேயே நின்றார். பிறகு கூட்டத்தின் பின்னால் நின்ற அண்ணனிடம் போய், "கட்டு அவுத்தாச்சி, சரி. கழி நடுவியா நீ?" என்றார்.

அண்ணன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அது பாதிதான் திரும்பியது.

"ஏத்துன வலைய எறக்க வேணாம், போ," என்றார் மச்சான். "காலைல என் படகுலயே போவலாம். ஆளுக்கு ஒரு கூறு."

காலையில் இரண்டு பேரும் போனார்கள். காற்று தணிந்திருந்தது. மழைத்தண்ணீர் கலங்கலாகக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கழி நட்டதெல்லாம் மச்சானும் அவர் ஆட்களும்தான். அண்ணன் பின்பக்கம் உட்கார்ந்து எங்கே நட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மச்சானுக்கு அது தெரியாதது இல்லை. ஆனாலும் அவர் சொன்ன இடத்திலேயே நட்டாராம்.

வெயில் ஏறியதும் படகு திரும்பியது. எறா இருந்தது. தெருவெல்லாம் வாசம் வரும் அளவுக்கு இல்லை, வீட்டுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு இருந்தது. கரையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டினார்கள். முறைக்காரர்தான் கூறு பிரிக்க வேண்டும் என்பதால் அண்ணன் குந்தி உட்கார்ந்து இடது கையால் பிரித்தார். பழக்கமில்லாத கை, ஒரு கூறு பெரிதாகவும் மற்றவை கோணலாகவும் விழுந்தன.

மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி கூடையோடு வந்து, பெரிய கூறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.